கம்பி முசேயின் மாமியார் வீட்டு வயரிங்

மின்சாரத்தைக் கம்பியில் ஓட்டியவர்கள் உலகத்தில் பல லட்சம் பேர் இருப்பார்கள். அதை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு ஓட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். புதுச்சேரிக்காரர். பெயர் கம்பி முசே.

சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலை மாதந்தோறும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அப்படியும் அது நினைவில் நிற்கவில்லை. பெரியவர்களை முசே என்று அழைப்பது பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் விட்டுப்போன மரியாதைகளில் ஒன்று. வயரோடு திரிந்ததால் முன்னால் கம்பி சேர்ந்துகொண்டது. அவர் வீட்டுக்காரம்மாவே அலுவலக வாசலில் வந்து நின்று, "கம்பி முசே உள்ள இருக்காரா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கடற்கரையோரம் இருந்த எங்கள் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு லாஞ்சு, நாலைந்து சரக்குப் படகுகள், எண்ணற்ற கோப்புகள். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சு சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு கடலுக்குள் நீளும் சரக்குப் பாலத்துக்கும் கப்பலுக்குமாக நடந்துகொண்டிருக்கும். நான் அங்கே சூப்பரின்டெண்டென்ட். ஊர் வாயில் சூப்பரண்டு. ஒரு விதி இருக்கிறது என்றால் அதன் உட்பிரிவும், உட்பிரிவுக்கு வந்த திருத்தமும் எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கதையில் இதனால்தான் விபரீதம் வருகிறது.

கம்பி முசே எங்கள் எலக்ட்ரீஷியன். மே மாத வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. டெஸ்டர் என்ற கருவியை அவர் மதித்ததில்லை. கரண்டை 'கூராந்து' என்பார். புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் பதறிப்போய்த் தடுத்தேன்.

"முசே, ஷாக் அடிக்கும்!"

"நாப்பது வருஷமா தொட்டுக்கினு இருக்கேன் சார். அதுக்கு என்னைத் தெரியும்."

எங்கள் ஸ்டோர் விதிப்படி மிகக் குறைந்த விலை கேட்டவரிடம்தான் வயர் வாங்க வேண்டும். குறைந்த விலைக்காரர் ஒரு வருடம் முழுக்கக் கறுப்பு வயராகவே கொடுத்தார். மறு வருடம் முழுக்கப் பச்சை. எது பிளஸ், எது மைனஸ், எது எங்கே போகிறது என்று நிறத்தை வைத்துச் சொல்ல ஆண்டவனாலும் முடியாது. மற்ற எலக்ட்ரீஷியன்களாக இருந்தால் எண் எழுதிக் கட்டுவார்கள். முசே பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, துணிக்குக் குறி போடும் வண்ணான் மையால் சொந்தக்காரர்களின் முறையை எழுதி ஒவ்வொரு வயரிலும் கட்டினார்.

"நல்ல கலர் வயரா கேட்டு எழுதட்டுமா முசே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாணாம் சார். சாயம் போவும். சொந்தம் போவாது."

எல்லாரும் மாமியார் வீட்டுச் சொந்தம். முசே மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தவர். பிறந்த வீடு என்று அவருக்கு ஒன்றும் இல்லை. முத்தியால்பேட்டையில் பெண் எடுத்தபோது பெண்ணோடு சேர்த்து ஒரு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். புதுப்பணக்காரன் மோதிரம் போட்டுக்கொள்வதுபோல அவர் அவர்களைப் பார்க்கிற வயரில் எல்லாம் கட்டித் தொங்கவிட்டார்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் அவர் செய்த வயரிங்கில் பழுது வந்தது. முசே அப்போது வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தார். வீட்டுக்காரர் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அந்த ஆள் ஏணியில் ஏறி, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "மாமியார்... சின்ன மாமியார்... சகலை..." படித்துவிட்டு மூடினார். இறங்கினார்.

"என்னாப்பா, ரிப்பேர் பண்ணலியா?"

"இது குடும்ப விவகாரங்க. வெளியாள் நான் தலையிட முடியாது."

முசே வேளாங்கண்ணிவரை நடந்து, திரும்பி வரும்வரை அந்த வீடு அரிக்கேன் விளக்கில் இருந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் லாஞ்சின் மேல் சுக்கான் வந்து சேர்ந்தது.

லாஞ்சை ஓட்டியவர் சுக்கானி ஆரோக்கியம். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கேபினுக்குள் இருந்த சுக்கானைப் பிடித்து நின்றால் அவருக்கு முன்னால் கண்ணாடியும், கண்ணாடியில் அவர் முகமும்தான் தெரியும். பின்னால் கட்டியிழுக்கும் படகு அறவே தெரியாது. அதனால் கேபின் கூரைமேல் இன்னொரு சுக்கான் வைக்க உத்தரவானது. தச்சர் வந்து மேடை போட்டார். சங்கிலி மாட்டினார்கள். மீதி வேலை முசேயுடையது. கீழேயிருக்கும் பேட்டரியிலிருந்து மேலே வயர் இழுத்து, எஞ்சினைக் கிளப்ப ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், ஹாரன், திசைகாட்டிக்கு ஒரு விளக்கு, கொடிமரத்துக்கு ஒரு விளக்கு.

சென்னையிலிருந்து ஒரு சர்வேயர் வந்து லாஞ்சைப் பரிசோதிக்க நாள் குறித்தாயிற்று. மேல் சுக்கான் தேறினால் லாஞ்சு ஓடும். தேறாவிட்டால் கரையில் கட்டிவிட்டு, ஆட்களை ஏனாமுக்கு மாற்றுவதாகத் தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. ஏனாம் எங்கள் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்ததுதான். ஆனால் இருப்பது ஆந்திரத்துக் கோதாவரிக் கரையில்.

அந்தக் கடிதத்தை நான்தான் ஆரோக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சத்தம் போடுகிற ஆள். அன்றைக்குப் போடவில்லை.

"எம் மூணு பொண்ணும் இங்க படிக்குதுங்க சார். அங்க போனா தெலுங்குல படிக்குமா? பெரியவ பத்தாவது சார்."

பிறகு முசேயிடம் போய், "முசே, எம் பொழப்பு ஒங்க கையில இருக்குது" என்றார்.

"எங் கையில இல்ல ஆரோக்கியம். எங்க மாமியார் கையில இருக்குது" என்றார் முசே. பேட்டரியிலிருந்து மேலே கூராந்து கொண்டுபோகிற முதல் வயர் மாமியார்.

சர்வேயருக்கு வயரிங் வரைபடம் மூன்று பிரதி தரவேண்டும் என்று விதி. முசே வரைபடம் போட்டதில்லை. நானே வரைவது என்று காகிதமும் அடிக்கோலும் எடுத்து உட்கார்ந்தேன். முசே லாஞ்சின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுவில் ஒரு குழாய். இரண்டு பெட்டியிலும் ஏழு ஏழு திருகாணி. ஒவ்வொரு திருகாணியிலும் ஒரு சொந்தக்காரர்.

"ஒண்ணு எங்க மாமியார். வீட்ல எதுவும் அவங்ககிட்டேருந்துதான் கெளம்பும். ரெண்டு எங்க மாமனார். யாரு என்னா அனுப்பிச்சாலும் வாங்கிக்கினு சத்தம் இல்லாம கெடப்பாரு."

திரும்பும் மின்சாரம், மைனஸ் என்று நான் எழுதிக்கொண்டேன்.

"மூணு சகலை. எஞ்சின் கெளப்புறது. அவரு காலைல எழுந்திரிச்சா மூணு தடவ இருமிட்டுத்தான் கெளம்புவாரு. நாலு கொழுந்தியா பிலோமின்."

"அது எது?"

"ஆர்னு சார்."

ஹாரனுக்குக் காரணம் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒருமுறை பாலத்தின் அந்த முனையிலிருந்து முசேயைக் கூப்பிட்டது அலுவலகத்துக்குள் கேட்டிருக்கிறது.

"அஞ்சு எங்க வீட்டம்மா. எஞ்சின் நிறுத்தறது."

"உங்கள் வீட்டம்மாவா?"

"அவ ஒரு பார்வ பாத்தா எல்லாம் நின்னுபூடும் சார். ஆறு சின்ன மாமனார், தெசகாட்டி வெளக்கு. ராத்திரியெல்லாம் பொஸ்தகம் வச்சிக்கினு ஒக்காந்திருப்பாரு. ஏழு மச்சான், கொடிமரத்து வெளக்கு. நல்ல உசரம்."

குழாயை எட்டிப் பார்த்தேன். எட்டு வயர் இருந்தது.

"எட்டாவது?"

முசே தலையைச் சொறிந்தார். "அது சும்மா சார். கெடக்கட்டும்."

அதன் இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல், டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தது. பன்னிரண்டு மீட்டர் அரசாங்க வயர் வீண். கண்டனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரைபடத்தில் 'உபரி' என்று எழுதினேன். சொந்தக்காரர்களை எல்லாம் எண்ணாக மாற்றி, கறுப்பு மையில் அழகாக வரைந்து மூன்று பிரதியும் தயார். எனக்கே அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

சர்வேயர் வருவதாக இருந்த காலை, பிள்ளைச்சாவடியில் ஒரு நினைவுப் பூசை என்று முசே ஒரு மணிநேரம் அனுமதி வாங்கிப் போயிருந்தார். எட்டு மணிக்கு நான் வரைபடத்தோடு லாஞ்சின் கூரைமேல் ஏறினேன். ஆவணத்தையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். மேல் பெட்டியைத் திறந்தேன். ஐந்தாவது திருகாணியில் 'வீட்டம்மா' இருக்க வேண்டும். 'சின்ன மாமனார்' இருந்தார். ஆறாவதில் வீட்டம்மா.

தவறு வரைபடத்தில் இருக்க முடியாது. வரைந்தவன் நான்.

திருப்புளியை எடுத்து இரண்டு வயர்களையும் கழற்றி, வரைபடப்படி இடம் மாற்றி முடுக்கினேன். அலுவலக வாழ்க்கையில் நான் கையால் செய்த ஒரே வேலை அது.

ஒன்பது மணிக்குச் சர்வேயர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, சிரித்தால் அபராதம் என்பதுபோல ஒரு முகம். வரைபடத்தைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்றார். நான் பணிவாகக் கடலைப் பார்த்தேன்.

மேல் சுக்கானில் ஆரோக்கியம். அவர் பக்கத்தில் சர்வேயர். பின்னால் கோப்போடு நான். பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் மூன்று முறை இருமிக் கிளம்பியது. ஹாரன் அடித்தது, பாலத்தில் தூண்டில் போட்டவர்கள் எழுந்து நின்றார்கள். லாஞ்சு ஒரு வட்டம் அடித்துப் பாலத்தை நோக்கித் திரும்பியது. ஆரோக்கியம் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் வந்தது. கடலை அவர் கூரைமேல் நின்று பார்த்ததே இல்லை.

"திசைகாட்டி விளக்கு?" என்று சொல்லிக்கொண்டே சர்வேயர் அந்தச் சுவிட்சைப் போட்டார்.

எஞ்சின் நின்றுவிட்டது.

கடலில் எஞ்சின் நின்றால் முதலில் வருவது அமைதி. அடுத்து வருவது பாலத்தின் தூண்கள். அலை எங்களைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி அவற்றிடம் கொண்டுபோனது. ஆரோக்கியம் கிளப்பும் பொத்தானை அழுத்தினார். சகலை இருமினார். கிளம்பவில்லை. மறுபடி இருமினார். பதற்றத்தில் ஆரோக்கியம் நிறுத்தும் பொத்தானையும் சேர்த்து அழுத்த, திசைகாட்டிக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"விளக்கு வேலை செய்கிறது" என்றார் சர்வேயர்.

"சார், இதெல்லாம் எவன் சார் நோண்டினது?" என்று ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் மூன்று பெண்களும் ஏனாமும் தெரிந்தார்கள்.

அப்போதுதான் பாலத்தின்மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை ஒன்று ஓடி வந்தது. பூசை முடிந்து நேராக வந்திருந்தார்.

"ஆரோக்கியம்! என்னாத்தப் போட்டீங்க?"

"காம்பஸ் லைட்டு முசே! எஞ்சின் நின்னுபூட்ச்சு! நிறுத்தறத அமுக்குனா லைட்டு எரியுது!"

முசே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு கொழுந்தியா வயருக்கே சவால்விடும் குரலில் கத்தினார்:

"எவன்டா அது எம் பொண்டாட்டிய பிலோமின் பக்கத்துல ஒக்கார வச்சவன்? ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லடா!"

பாலத்தில் இருந்த முப்பது பேரும் என்னைப் பார்த்தது போலிருந்தது. யாருக்கும் விஷயம் தெரியாது. குற்றமுள்ளவனுக்கு அப்படித் தெரியும்.

"யார் அது?" என்றார் சர்வேயர்.

"எங்கள் எலக்ட்ரீஷியன் சார்."

"என்ன சொல்கிறார்?"

"சர்க்யூட்டை விளக்குகிறார் சார்."

"ஆரோக்கியம்!" என்று மறுபடி குரல் வந்தது. "சின்ன மாமனாரத் தூங்க வை! மொதல்ல அவரத் தூங்க வை! அவரு முழிச்சிக்கினு இருக்கறவரைக்கும் அவ வுடமாட்டா! அப்பறம் சகலைய எழுப்பு!"

ஆரோக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. அவரும் முத்தியால்பேட்டைதான்; அந்தக் குடும்பத்தில் யார் ராத்திரியெல்லாம் விளக்கோடு விழித்திருப்பார், யார் யாரிடம் பேசுவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். திசைகாட்டி விளக்கின் சுவிட்சைத் தட்டி அணைத்தார். கிளப்பும் பொத்தானை அழுத்தினார். சகலை ஒருமுறை இருமினார். இரண்டாவது இருமல். மூன்றாவது இருமலில் எஞ்சின் பிடித்தது. தூணில் ஒட்டியிருந்த சிப்பிகளை நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஏழு வரை எண்ணியபோது லாஞ்சு விலகியது. ஆரோக்கியம் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

லாஞ்சு பாலத்தோரம் வந்து நின்றதும் முசே கூரைமேல் போனார். மூன்றே நிமிடம். இறங்கி வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்கதானா சார்?"

"வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது முசே."

"அது போன வாரத்துக் கத சார். ஞாயித்துக்கெழம கோயில்ல புள்ளைக்குப் புதுநன்ம குடுத்தாங்க, அந்த விருந்துல பிலோமின் செஞ்ச கேக்குல உப்புன்னு எங்க வீட்டம்மா சொல்லிட்டா. அதுலேருந்து பேச்சுவார்த்த இல்ல. பக்கத்துல பக்கத்துல வச்சா நல்லாருக்குமா? அதான் சின்ன மாமனார நடுவுல ஒக்கார வச்சேன். மேலயும் மாத்துனேன், கீழயும் மாத்துனேன். நீங்க மேல மட்டும் மாத்திட்டீங்க."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"ஒங்களுக்கு எப்பிடி சார் தெரியும்? நீங்கதான் வூட்டுக்கே வர்றதில்லியே" என்றார், ஏதோ தவறு தன்னுடையதுபோல.

சர்வேயர் மறுபடி லாஞ்சில் ஏறி ஒவ்வொரு பொத்தானாகப் பத்து முறை அழுத்திப் பார்த்தார். எல்லாச் சொந்தக்காரர்களும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அவர் எழுதிய அறிக்கையை எனக்கு இன்றும் மனப்பாடமாகச் சொல்ல முடியும். 'வயரிங் திருப்தி. வரைபடம் தவறு.' என் பணிக்காலத்தில் என் வேலையைப் பற்றி எழுதப்பட்ட ஒரே எதிர்மறைக் குறிப்பு அது. அதைக் கோப்பில் சேர்த்துப் பக்க எண் போட்டவனும், 'திருத்தம் ஒன்று' என்று வரைபடத்தை மாற்றியவனும் நான்தான். ஆரோக்கியம் ஏனாம் போகவில்லை. அவருடைய பெரிய பெண் அந்த வருடம் பத்தாவது தேறி, எனக்கும் முசேவுக்கும் சேர்த்து ஒரே பொட்டலத்தில் சாக்லெட் கொண்டுவந்து கொடுத்தது. பங்கு போட்டுக்கொண்டோம். ஒன்று மிஞ்சியது, அதை யார் எடுப்பது என்று விதி எதுவும் இல்லாததால் முசே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசே வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எனக்கு அந்த ஊரில் குடும்பம் கிடையாது. கடைச் சாப்பாடு, வாடகை அறை. கதவைத் திறந்த அம்மாள், "வாங்க சார்!" என்றதும் என்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினேன். அறிமுகம் தேவைப்படவில்லை. நாலாம் எண். கூடத்தில் இருமிக்கொண்டிருந்தவர் மூன்று. புத்தகத்திலிருந்து தலையை எடுக்காதவர் ஆறு. சமையலறைக் கதவோரம் நின்று ஒரு பார்வை பார்த்த அம்மாளைக் கண்டதும் நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. ஐந்து.

அன்றைக்கு அக்காளும் தங்கையும் ஒரே தட்டில் எனக்குக் கேக் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தாளி முன்னால் சண்டையைக் காட்டக்கூடாது என்று வைத்தார்கள். பிறகு உண்மையாகவே சமாதானமாகிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில், இருவரையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க, முசே திருப்புளியோடு லாஞ்சுக்குக் கிளம்பினார். நான் வரைபடத்தோடு கூடவே போனேன். 'திருத்தம் இரண்டு. காரணம்: குடும்பச் சமாதானம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கேக்கில் உப்பு இருந்தது என்பதை மட்டும் நான் எந்தக் கோப்பிலும் பதிவு செய்யவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் மொத்தமாகப் பிரான்சுக்குப் போயிற்று. மாமனாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. முசேயும் போனார். அங்கிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. 'கூராந்து நல்லா வருது சார். வயர் எல்லாம் கலர் கலரா இருக்குது. ஆனா யாரு யாருன்னுதான் தெரியல.'

சில வருடம் கழித்து லாஞ்சை ஏலம் விட்டார்கள். பொருட்களைப் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டியது என் பொறுப்பு. ஆரோக்கியமும் நானும் கூரைமேல் ஏறினோம். மேல் பெட்டியைத் திறந்து ஏழு பேரையும் எழுதிக்கொண்டேன். ஓரத்தில் அந்த எட்டாவது வயர், டேப் சுற்றியபடியே இருந்தது.

"இந்த வீண் வயர் எதற்கு என்று கடைசிவரை அந்த மனுஷன் சொல்லவே இல்லை" என்றேன்.

"எங்கிட்ட சொன்னாரே சார்" என்றார் ஆரோக்கியம். "ஏழுல எது அறுந்துபூட்டாலும் ஒடனே இதுல மாட்டிக்கலாம், எந்த வேலன்னாலும் பாத்துக்கும், இது இருந்தா பயம் இல்லன்னு சொன்னாரு. அவசரத்துக்கு மட்டும்தான் தொடணும்னாரு. தொடவேண்டிய அவசியமே வரல."

டேப்பைப் பிரித்தேன். உள்ளே அதே வேட்டித் துண்டு, அதே வண்ணான் மை. உப்புக்காற்று படாததால் எழுத்து புதிதாக இருந்தது.

'நம்ம சூப்பரண்டு.'

லாஞ்சிலிருந்த ஒவ்வொரு ஆணியையும் பட்டியலில் எழுதி ஏலக்காரரிடம் ஒப்படைத்தேன். அந்தத் துணித்துண்டை மட்டும் எழுதவில்லை. அரசாங்கப் படகிலிருந்து ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்காமல் எடுத்துப்போவது எந்த விதிப்படி, எந்த உட்பிரிவுப்படி குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போதும் அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.